தவிட்டையும் வரவில் வைத்த பேராசிரியர்

நெல்லை உரலிலிட்டுக் குத்தினால் உமி கழன்றுவிடும். தவிட்டில் ஒரு பங்கு அரிசியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். ஆலையில் தீட்டிய அரிசியோ மல்லிகைப்பூப் போல வெளுத்து வரும். 1890களில் ஜாவா தீவில் டச்சு மருத்துவர் எய்க்மன், தீட்டிய அரிசியையே தின்ற கோழிகள் கால் சோர்ந்து விழுவதையும், தவிடு நீங்காத அரிசியைப் போட்டதும் எழுந்து நடப்பதையும் கண்டார். மனிதரையும் இப்படிச் சாய்த்த பெரிபெரி நோய்க்குக் காரணம் துலங்கியது இந்த வழியில்தான்.

மருத்துவர்களோடு நின்றிருந்த இந்தத் தவிட்டுக் கணக்கைப் பொருளாதாரப் பாடமாக ஆக்கியவர் ஜே. சி. குமரப்பா. 1892இல் தஞ்சாவூரில் பிறந்தவர். லண்டனில் கணக்குத் தணிக்கை படித்துவிட்டு பம்பாயில் தொழில் நடத்தினார். பிறகு அமெரிக்கா போய், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எட்வின் செலிக்மனிடம் பொதுநிதி பயின்றார். ஆங்கில அரசின் வரியும் செலவும் இந்தியாவை எப்படி ஏழையாக்கின என்பதே அவருடைய ஆய்வு.

அந்த ஆய்வேட்டை எடுத்துக்கொண்டு 1929 மே மாதம் சபர்மதி ஆசிரமத்துக்குப் போனார். பட்டில் தைத்த மேல்நாட்டு உடுப்பு, கையில் தடி. மரத்தடியில், சாணி மெழுகிய தரையில் ஒரு முதியவர் நூல் நூற்றுக்கொண்டிருந்தார். அவர்தான் காந்தி என்று தெரிந்ததும், குமரப்பா பட்டுக் கால்சட்டையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஆய்வு காந்தியின் ‘யங் இந்தியா’ இதழில் தொடராக வந்தது. கொர்னேலியஸ் என்ற பெயரை விட்டு, முன்னோர் பெயரான குமரப்பாவை எடுத்துக்கொண்டதும் அந்தக் காலத்தில்தான்.

குஜராத் வித்யாபீடத்தில் பேராசிரியரானவருக்கு காந்தி கொடுத்த வேலை, கேடா மாவட்டத்து மாத்தர் தாலுகாவைக் கணக்கெடுப்பது. மாணவர்களைக் கூட்டிக்கொண்டு 54 கிராமங்களுக்குப் போனார். குடும்பத்துக்கு எவ்வளவு நிலம், என்ன விளைகிறது, கடன் எவ்வளவு, வரி போக மிச்சம் என்ன என்று வீடு வீடாகக் கேட்டு எழுதினார்கள். வகுப்பறையைக் கிராமத்துத் திண்ணைக்கு மாற்றியதுதான் ஆசிரியராக அவர் செய்த பெரிய காரியம். அந்தப் பிள்ளைகள் பொருளாதாரத்தை விவசாயியின் வாயிலிருந்தே கேட்டுப் படித்தார்கள்.

1934 டிசம்பரில் அகில இந்திய கிராமத் தொழில் சங்கம் பிறந்தபோது, வார்தாவின் மகன்வாடியில் அதை நடத்தும் பொறுப்பு அவருக்கு வந்தது. தணிக்கைக்காரரின் கண் அங்கேதான் முழுதாக விழித்தது. அரிசி ஆலை வந்தால் நேரம் மிச்சம் என்று ஊர் சொன்னது. அவர் மறுபக்கத்தையும் எழுதினார்: உலக்கை பிடித்துக் கூலி வாங்கிய பெண்களுக்கு வேலை போகிறது, உண்பவர் உடம்பிலிருந்து சத்து போகிறது. நம் பக்கத்துப் புழுங்கல் அரிசிக்கு இந்தப் பழியில் பாதிதான் உண்டு. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது சத்து அரிசிக்குள் இறங்கிவிடுவதால், ஆலையில் தீட்டினாலும் இழப்பு குறைவு.

எண்ணெய்க் கணக்கு இதைவிட ஆழமானது. ஊர்ச் செக்கில் எள்ளோ கடலையோ ஆடினால் எண்ணெய் அடுப்படிக்குப் போகும். பிண்ணாக்கு மாட்டுத் தொட்டிக்குப் போகும். சாணம் வயலுக்குத் திரும்பும். எண்ணெய் வித்துகளையே மூட்டை கட்டித் துறைமுகத்துக்கு அனுப்பினால் கையில் காசு வரும், ஆனால் மாட்டின் தீனியும் மண்ணின் எருவும் அதோடு கப்பலேறிவிடும். ஏற்றுமதிப் புள்ளிவிவரத்தில் இந்த நட்டத்துக்கு இடமே இல்லை என்பதுதான் குமரப்பாவின் ஓயாத வழக்கு. வெறும் வாதத்தோடு அவர் விடவில்லை. மகன்வாடியில் செக்கைத் திருத்தினார்கள். மண்ணெண்ணெய்க்குப் பதிலாகத் தாவர எண்ணெயில் எரியும் ‘மகன் தீபம்’ என்ற விளக்கையும் செய்தார்கள். கிராம ஊழியர்களை இவற்றையெல்லாம் கையால் செய்து பழக வைத்தார்கள்.

1942 ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டத்துக்குப் பின் சிறையில் இருந்தபோது ‘நிலைத்த பொருளாதாரம்’ நூலை எழுதினார். நிலக்கரி, பெட்ரோலியம் போன்றவை எடுக்க எடுக்கத் தீரும் இருப்பு என்றும், காடு போன்றவை அளவோடு எடுத்தால் வந்துகொண்டே இருக்கும் வரத்து என்றும் பிரித்தார். சுற்றுச்சூழல் என்ற பேச்சு அரசியலில் எழாத காலம் அது. அந்நூலில் ஓர் அட்டவணை உண்டு: ஒரு லட்சம் பேர் வாழும் வட்டாரத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 16 அவுன்ஸ் தானியம், 2 அவுன்ஸ் பருப்பு, 12 அவுன்ஸ் பால் என வைத்து, அதற்கு எவ்வளவு நிலம் வேண்டும் என்று கணக்கிடுகிறது. முதலில் ஊரின் வயிறு, பிறகு சந்தை. பணப்பயிருக்கு அவர் பகைவர் அல்ல. நிலத்தில் எதற்கு முதல் உரிமை என்பதே அவருடைய கேள்வி.

விடுதலைக்குப் பின் காங்கிரஸின் நிலச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை ஏற்றார். 1949இல் வந்த அறிக்கை, உழுபவருக்கே நிலம் என்றது. விதவைகள், சிறுவர், உடல் ஊனமுற்றோர் தவிர வேறு யாரும் நிலத்தைக் குத்தகைக்கு விடக்கூடாது என்றது. அறிக்கை கேட்ட நில உச்சவரம்பு பின்னால் சட்டமானது, ஆனால் ஓட்டைகளோடு. இதைச் சொல்லாமல் அவர் கதை முழுமையாகாது.

கடைசிக் காலத்தில் மதுரைப் பக்கம் டி. கல்லுப்பட்டி காந்தி நிகேதனில் தங்கினார். 1960 ஜனவரி 30 அன்று காலமானார். 1973இல் பொருளாதார அறிஞர் ஷுமாக்கர் தம் ‘சிறியதே அழகு’ நூலில் அவரை எடுத்தாண்டபோது மேற்கு அந்தப் பெயரைக் கேட்டது. இன்று நம் நகரங்களில் மரச்செக்கு எண்ணெய் நல்ல விலைக்குப் போகிறது. வாங்குபவர் சுத்தமா என்று மட்டும் பார்க்கிறார். குமரப்பாவாக இருந்தால் செக்கு ஆட்டியவருக்குக் கூலி எவ்வளவு, பிண்ணாக்கு எந்த ஊர் மாட்டுக்குப் போயிற்று என்பதையும் கேட்டு எழுதியிருப்பார்.