படியெடுத்தலும் படைத்தலும்

ஓர் ஓவியன் பிறனொருவன் ஆக்கிய உருவத்தை எடுத்தாள்வது கலையா, களவா? இவ்வினா இன்று தோன்றியதன்று. அச்சுப்பொறி பரவிப் படங்கள் கடைப்பொருளாய் விலைபோகத் தொடங்கிய நாள்தொட்டே இது வழக்கிலிருந்து வருகின்றது. படியெடுப்பதெல்லாம் திருட்டு என்பர் ஒரு சாரார். கலையுலகில் எனது உனது என்பது ஏது என்பர் மற்றொரு சாரார். இவற்றுள் எது பொருந்தும் என்பதை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வோம்.

ஜெர்மனியின் புகழ்பெற்ற ஓவியர் ஆல்பிரெக்ட் டூரர், மரியன்னையின் வாழ்வை விளக்கும் வரிசைப் படங்களை மரக்கட்டை அச்சில் வெளியிட்டு வந்தார். இத்தாலியரான மார்க்கன்டோனியோ ரைமோண்டி அவற்றைச் செப்புத் தகட்டில் கோட்டுக்குக் கோடு பெயர்த்து விற்றார். டூரரின் பெயர்க்குறியையும் அவர் விட்டுவைத்தாரில்லை! டூரர் வெனிஸ் நகர ஆட்சிமன்றத்தில் முறையிட்டார் என்றும், அம்மன்றம் பெயர்க்குறியைப் பொறிப்பதை மட்டுமே தடுத்தது என்றும் ஓவியர் வரலாறு எழுதிய வசாரி கூறுகின்றார். 1511-ம் ஆண்டில் அப்படங்களை நூலாக்கிய டூரர், பிறர் உழைப்பைக் கவர்வோரை அந்நூலின் முடிவில் கடுமொழிகளால் எச்சரித்தார்.

இங்கிலாந்தில் வில்லியம் ஹோகார்த்தும் இத்தொல்லைக்கு ஆளானவரே. 1732-ம் ஆண்டில் அவர் வெளியிட்ட வரிசைப் படங்கள் விரைவிற் போலிகளாகிக் கடைவீதியை நிரப்பின. அவரும் அவர்தம் தோழர்களும் பார்லிமெண்டை நாடினர். அதன் பயனாக, செதுக்குப் படங்களுக்கு 14 ஆண்டு உரிமை அளிக்கும் சட்டம் 1735-ல் பிறந்தது. சட்டம் நடைமுறைக்கு வரும்வரை, தம் அடுத்த வரிசையை வெளியிடாது நிறுத்தி வைத்தார் ஹோகார்த். உழைத்தவனுக்கே கூலி என்னும் நீதி ஓவியத்துறையில் கால்கொண்டது இவ்வாறே.

ஆயின், படியெடுத்தல் எல்லாம் பழிக்கத்தக்கதோ? அன்று. வின்சென்ட் வான் கோ 1887-ல் ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகேயின் அச்சுப்படங்களைப் பார்த்து எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். பின்னர்ச் சான் ரெமி மனநோய் மருத்துவமனையில் இருந்தபோது, மில்லே வரைந்த உழவர் படங்களின் கறுப்பு வெள்ளைப் படிகளுக்குத் தம் உள்ளத்து நிறங்களை அளித்தார். ஒருவர் இயற்றிய இசையை மற்றொருவர் வாசிப்பது போன்றது தம் செயல் என்று கடிதத்தில் எழுதினார். மில்லேயின் பெயரை மறைக்க அவர் முயன்றதில்லை; போற்றியே பேசினார்.

நம் முன்னோரும் முதனூல், வழிநூல், சார்புநூல் என நூல்களை வகுத்தனர். வழிநூல் செய்வது அவர்க்கு இழுக்கன்று. ஆனால், ஆக்கியோன் பெயரோடு நூல் வந்த வழியையும் பாயிரம் சொல்லியாக வேண்டும் என்று விதித்தனர்.

இவ்வழியை மறைத்ததால் எழுந்த பெருவழக்கொன்று அண்மையில் அமெரிக்காவில் நடந்தது. ஆண்டி வார்ஹோல் 1964-ல் ஒரு போட்டோ இதழில் வந்த செம்பருத்திப் படத்தைக் கொண்டு தம் பூ ஓவியங்களை ஆக்கியவர். அப்படத்தை எடுத்த பட்ரிசியா கால்ஃபீல்ட் அம்மையார் வழக்குத் தொடுக்க, அது உடன்பாட்டில் முடிந்தது. 1981-ல் லின் கோல்ட்ஸ்மித் அம்மையார் பாடகர் பிரின்ஸைப் போட்டோ எடுத்தார். 1984-ல் ஒரு பத்திரிகை 400 அமெரிக்க வெள்ளி தந்து, ஒரே ஒரு முறை பயன்படுத்துவதற்கென அதைப் பெற்றது. அதைக் கொண்டு வார்ஹோல் தீட்டியவையோ 16 படங்கள்!

பிரின்ஸ் 2016-ல் மறைந்ததும், அவற்றுள் ஒன்று ஒரு நினைவு மலரின் அட்டையில் வெளிவந்தது. வார்ஹோல் அறநிறுவனத்துக்குக் கிடைத்தது 10,000 வெள்ளி. அம்மையாருக்குப் பணமுமில்லை, பெயருமில்லை. அவர் முறையிட்டதும், அறநிறுவனமே 2017-ல் முந்திக்கொண்டு வழக்குத் தொடுத்தது. 2023 மே 18-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளுள் எழுவர் அம்மையார் பக்கம் தீர்ப்பளித்தனர். பத்திரிகைக்குப் படம் விற்பதே இருவர்க்கும் நோக்கமாதலின், புதுமை என்னும் போர்வை இங்குச் செல்லாது என்றனர். ஓவியம் முழுவதையும் அவர்கள் பழிக்கவில்லை. அந்த ஒரு விற்பனையையே ஆராய்ந்தனர்.

மாறுபட்ட இருவர் சார்பில் எழுதிய நீதிபதி எலேனா கேகன், முன்னோர் படைப்பை எடுத்தாளாமல் கலை வளர்ந்ததில்லை என்று வாதித்தார். அக்கூற்றை யாரும் எளிதில் தள்ளிவிட முடியாது. எனினும், எடுத்தாளும் உரிமை வேறு, ஈந்தவரை மறக்கும் உரிமை வேறு. 400 வெள்ளி கொடுத்து ஒருமுறை இசைவு பெறக்கூடுமாயின், மறுமுறையும் அவ்வாறே பெறுவதால் கலை எங்ஙனம் அழியும்?

எண்ணற்ற படங்களைப் பயின்று, சொன்ன நொடியில் புதுப்படம் தரும் கணினிகள் வந்துவிட்ட இக்காலத்தில், இவ்வினா எல்லா நாட்டு ஓவியர் வாயிலிலும் நிற்கின்றது. வழிநூல்கள் பெருகட்டும், தடையில்லை. அவற்றின் பாயிரத்தில் முதலாசிரியன் பெயர் இருக்கட்டும். அவன் கூலி அவன் கையில் சேரட்டும்.