ஆல்பத்தில் இரண்டு அரை டாலர்கள்

வங்கியில் காசாளராக முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தவன் நான். நாணயம் சேர்க்கும் பழக்கம் அங்கே தொற்றிக்கொண்டது. 1964-ல் நேரு மறைந்த பிறகு அவர் முகம் பதித்து வந்த ஒரு ரூபாயும் ஐம்பது பைசாவும் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். சுதந்திர இந்தியாவின் முதல் நினைவு நாணயங்கள் அவை. கடையில் நீட்டினால் கத்தரிக்காய் வாங்கலாம். நினைவு நாணயம் என்றால் அரசே அடித்து, முகமதிப்புக்கே புழக்கத்தில் விடுவது என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். அமெரிக்காவில் கதை வேறு என்று மகள் வீட்டுக்குப் போனபோது தெரிந்துகொண்டேன்.

மகள் இருப்பது ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டாவுக்குப் பக்கத்தில். அங்கே ஒரு பழைய நாணயக் கடையில் 1925-ம் வருடத்து வெள்ளி அரை டாலர் ஒன்று கண்ணில் பட்டது. நம் பழைய வெள்ளி ரூபாய் அளவு. பன்னிரண்டரை கிராம் எடை, நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளி. ஒரு பக்கம் குதிரை மேல் இரண்டு வீரர்கள், மறுபக்கம் பாறை மேல் ஒரு கழுகு. குதிரைகளின் அழகைப் பார்த்துத்தான் வாங்கினேன். யார், எதற்கு என்றெல்லாம் கேட்கத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து ஏழாம் வகுப்புப் படிக்கும் பேத்தியிடம் பெருமையாகக் காட்டினேன். அவள் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "தாத்தா, இவங்க லீ, ஜாக்சன். அடிமை முறையை விட மாட்டோம்னு சண்டை போட்ட பக்கத்து ஜெனரல்ஸ். இதை ஏன் வாங்கினீங்க?" என்றாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அன்று இரவு தொடங்கிய படிப்புதான் இந்தக் கட்டுரை.

அமெரிக்காவின் முதல் நினைவு அரை டாலர் 1892-ல் வந்தது. கொலம்பஸ் கடல் கடந்து வந்த நானூறாவது ஆண்டை ஒட்டி சிகாகோவில் பெரிய உலகக் கண்காட்சி நடத்தினார்கள். அதற்குப் பணம் வேண்டும். கொலம்பஸ் முகம் பதித்த ஐம்பது லட்சம் அரை டாலர் அடிக்க நாடாளுமன்றம் அனுமதி தந்தது. கண்காட்சியில் அதை ஒரு டாலருக்கு விற்றார்கள். பாதிப் பணம் காசுக்கு, பாதி கண்காட்சிக்கு. ஆனால் எதிர்பார்த்தபடி விற்கவில்லை. சுமார் 25 லட்சம் நாணயங்கள் உருக்கப்பட்டன. மிச்சமிருந்தவற்றில் பல முகமதிப்புக்கே புழக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

அதன் பின் இந்த வழியே வழக்கமாகிவிட்டது. ஓர் ஊரோ சங்கமோ ஒரு நினைவு விழாவைச் சொல்லி, தங்கள் பிரதிநிதி மூலம் சட்டம் கொண்டுவரும். சட்டம் நிறைவேறினால் நாணயச்சாலை அடித்துக் கொடுக்கும். சங்கம் அதை ஐம்பது சென்ட் வீதம் வாங்கி, கூடுதல் விலைக்கு விற்று, லாபத்தை எடுத்துக்கொள்ளும். முத்திரை அரசுடையது, விற்பனை தனியாருடையது. காசாளனாக இருந்த எனக்கு இதைப் படித்ததும் கொஞ்சம் உறுத்தியது.

நான் வாங்கிய நாணயமும் அப்படி வந்ததுதான். அட்லாண்டா பக்கத்தில் ஸ்டோன் மவுண்டன் என்று ஒரே கல்லாலான பெரிய குன்று இருக்கிறது. உள்நாட்டுப் போரில் தோற்ற தென் மாநிலத் தலைவர்களை அதில் செதுக்கப் பணம் திரட்டவே இந்த நாணயம். கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை வெறிக் கூட்டம் 1915-ல் மறுபிறவி எடுத்ததும் அதே குன்றின் மேல்தான். எந்த அரசை எதிர்த்து லீ படை நடத்தினாரோ, அந்த அரசே போர் முடிந்து அறுபது வருடத்தில் அவரைத் தன் காசில் பதித்தது. தென்னாட்டுப் போர்வீரனின் வீரத்துக்கு நினைவு என்று கழுகுப் பக்கத்தில் எழுதியிருக்கிறது. கறுப்பின மக்கள் அதே தென் மாநிலங்களில் ஓட்டுப் போட முடியாமல் தடுக்கப்பட்டிருந்த காலம் அது.

நாணயத்தை வடிவமைத்தவர் கட்சன் போர்க்லம். சங்கத்தோடு தகராறு வந்து 1925-லேயே வேலையிலிருந்து நீக்கப்பட்டார். கோபத்தில் தன் மாதிரிகளை உடைத்துவிட்டுப் போனவர், பிறகு ரஷ்மோர் மலையில் நான்கு ஜனாதிபதிகளின் முகங்களைச் செதுக்கிப் புகழ் பெற்றார். ஸ்டோன் மவுண்டனில் அவர் செதுக்கியிருந்த லீயின் தலையை 1928-ல் வெடி வைத்துத் தகர்த்தார்கள். வேறு ஆட்கள் வந்து வேலையை முடிக்க 1972 ஆனது. நாணயம் 23 லட்சத்துக்கு மேல் அடிக்கப்பட்டு, சுமார் 10 லட்சம் திரும்பிப் போய் உருகியது.

1936-ல் இந்த வியாபாரம் உச்சத்துக்குப் போனது. அந்த ஒரே வருடத்தில் ஊருக்கு ஊர் நினைவு அரை டாலர். சின்சினாட்டி நகரம் இசை மையமாகி ஐம்பது ஆண்டு என்று ஒரு நாணயம் வந்தது. ஐம்பது ஆண்டுக்கு முன் 1886-ல் அங்கே குறிப்பிடத்தக்க இசை நிகழ்வு எதுவும் கிடையாது! பிலடெல்ஃபியா, டென்வர், சான் பிரான்சிஸ்கோ என்று மூன்று நாணயச்சாலைகளிலும் ஐயாயிரம் ஐயாயிரமாக அடித்தார்கள். நம் காசில் பம்பாய்க்கு வைரக்குறி, ஹைதராபாதுக்கு நட்சத்திரம் இருப்பதுபோல அங்கே எழுத்துக் குறி. சேகரிப்பவன் மூன்றையும் வாங்கியாக வேண்டும். புகார்கள் குவிந்தன. 1939-ல் நாடாளுமன்றம் பழைய அனுமதிகளை எல்லாம் முடித்துவைத்தது.

போருக்குப் பின் 1946-ல் வந்த ஒரு நாணயத்துக்காக நான் மறுபடி அதே கடைக்குப் போனேன். அதில் இருப்பது புக்கர் டி. வாஷிங்டன் முகம். வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்து, டஸ்கீகியில் கறுப்பின மாணவர்களுக்குக் கல்விக்கூடம் வளர்த்தவர். அமெரிக்க நாணயத்தில் இடம்பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர்தான். வடிவமைத்த ஐசக் ஹாத்தவே, அமெரிக்க நாணயம் ஒன்றை வடிவமைத்த முதல் கறுப்பினச் சிற்பி. பின்பக்கத்தில் அடிமைக் குடிசை ஒன்றும், புகழ் பெற்றோர் மண்டபமும் இருக்கின்றன. அவர் பிறந்த இடத்தில் நினைவிடம் அமைக்கப் பணம் திரட்டுவது நோக்கம். இதுவும் சரியாக விற்கவில்லை. விற்காததை உருக்கி, வேளாண் விஞ்ஞானி ஜார்ஜ் வாஷிங்டன் கார்வரையும் சேர்த்து 1951 முதல் 1954 வரை இன்னொரு நாணயம் அடித்தார்கள். நிலக்கடலை சாகுபடியைப் பரப்பிய அந்தக் கார்வர்தான். புக்கர் பிறந்த இடம் 1956-ல் தேசிய நினைவிடமானது.

பிறகு 1982 வரை இந்த வகை நினைவு நாணயம் கிடையாது. ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்த 250-வது ஆண்டுக்கு மறுபடி தொடங்கியபோது லாபத்தை அரசுக் கருவூலமே எடுத்துக்கொண்டது.

லீ நாணயத்தை விற்றுவிடலாமா என்று பேத்தியிடமே கேட்டேன். "வேண்டாம் தாத்தா, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வைங்க" என்றாள். அப்படியே வைத்திருக்கிறேன். இரண்டும் ஒரே அளவு, ஒரே வெள்ளி. கீழே சீட்டு எழுதி ஒட்டியது அவள்தான். முதல் சீட்டில் அந்த ஜெனரல்கள் எதற்காகப் போரிட்டார்கள் என்று நான் கேட்காமலே ஒரு வரி சேர்த்திருக்கிறாள்.

உங்கள் வீட்டுத் தகர டப்பாவிலும் பழைய காசு கிடக்கலாம். பேரப்பிள்ளைகளிடம் எடுத்துக் காட்டுங்கள். இவர் யார் என்று கேட்டால் பதில் சொல்ல, முதலில் நாம் கொஞ்சம் படித்துக்கொள்ள வேண்டியிருக்கும்.