செயற்கைக் கிறிஸ்துமஸ் மரம்: ஒரு சிறு வரலாறு

எங்கள் வீட்டுச் செயற்கைக் கிறிஸ்துமஸ் மரத்துக்கு வயது பதினொன்று. சென்ற ஆண்டு அதன் கிளையொன்று ஒடிந்தது. புதிய மரம் வாங்கலாமென மகளை அழைத்துக்கொண்டு பேரங்காடிக்குச் சென்றேன். வரிசையாக நின்ற மரங்களைப் பார்த்துவிட்டு அவள் கேட்டாள்: "அம்மா, நெகிழியைக் குறையுங்கள் என்று வகுப்பில் சொல்லித் தருகிறீர்களே, நாம் மட்டும் இதை வாங்கலாமா?" உடனே விடை கூற இயலவில்லை. ஒன்றும் வாங்காமல் திரும்பினோம். பின்னர் இம்மரத்தின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். ஆசிரியர்களுக்கும் பெற்றோர்க்கும் பயன்படும் என்பதால் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

வீட்டினுள் கிறிஸ்துமஸ் மரம் வைப்பது ஜெர்மானியர் வழக்கம். விக்டோரியா அரசியாரின் குடும்பம் அத்தகைய மரத்தைச் சுற்றி நிற்கும் படத்தை 1848இல் லண்டன் இதழொன்று வெளியிட்டது. அதன்பின் பிரிட்டனிலும் அவ்வழக்கம் வேகமாகப் பரவியது.

செயற்கை மரம் பிறந்ததும் ஜெர்மனியில்தான். 19ஆம் நூற்றாண்டில், பண்டிகைக்காக இளம் ஊசியிலை மரங்கள் வெட்டப்படுவதைக் கண்டு, காடு அழியுமே என்ற கவலை அங்கே எழுந்தது. அதற்கு மாற்றாக, வாத்து இறகுகளுக்குப் பச்சைச் சாயமேற்றிக் கம்பியில் சுற்றிக் கிளைகளாக்கினர். அக்கிளைகளை ஒரு தண்டில் இடைவெளி விட்டுப் பொருத்தினர். மரத்தில் மெழுகுவத்தி ஏற்றும் காலமாதலால் அந்த இடைவெளி தேவைப்பட்டது.

1930களில் தூரிகை செய்யும் முறையிலேயே மரங்கள் செய்யப்பட்டன. போத்தல் கழுவும் தூரிகையை உற்றுநோக்குங்கள். முறுக்கிய கம்பிகளுக்கிடையே இழைகள் சிக்கி நிற்கும். இன்றைய மரக்கிளையும் அவ்வாறே அமைந்தது. இழைகளுக்குப் பதிலாகப் பி.வி.சி. நெகிழிக் கீற்றுகள் உள்ளன, அவ்வளவே.

இடையில் அலுமினிய மரத்துக்கும் ஒரு காலம் இருந்தது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து மானிடோவாக் நகரில் 1959 முதல் அவை பெருமளவில் உற்பத்தியாயின. உலோகமாதலால் மின்விளக்குச் சரம் சுற்றினால் மின்னதிர்ச்சி நேரலாம். ஆகவே, சுழலும் வண்ணத் தட்டு பொருத்திய விளக்கைத் தரையில் வைத்து ஒளி பாய்ச்சினர். 1965இல் ஒளிபரப்பான சார்லி பிரவுன் கேலிச்சித்திரப் படத்தில், அச்சிறுவன் பளபளக்கும் அலுமினிய மரங்களை விடுத்து, சிறிய இயற்கை மரமொன்றைத் தேர்ந்தெடுப்பான். அதற்குப்பின் அலுமினிய மரத்தின் மவுசு குறைந்தது.

காட்டைக் காக்கப் பிறந்த செயற்கை மரம் இன்று மக்காத நெகிழியாகிவிட்டது. ஆண்டுக்கொரு மரம் வாங்கி எறிந்தால் அதன் நோக்கமே பொய்த்துப்போகும். பல்லாண்டு வைத்துப் பயன்படுத்தினால் மட்டுமே அதற்குப் பொருளுண்டு. மகளிடம் இதையே விடையாகக் கூறினேன். "அப்படியானால் ஒடிந்த கிளையைச் சரிசெய்யலாமே" என்றாள். கம்பிதானே! வன்பொருள் கடையில் மெல்லிய கம்பி வாங்கிவந்து இருவரும் முறுக்கிக் கட்டினோம். கிளை சற்றே கோணலாக நிற்கிறது. இவ்வாண்டும் அதே மரந்தான்.