எரிந்த தாள்களும் எஞ்சிய எஃகும்

1812 மார்ச் 11 அன்று மாலை, வங்காளத்தின் செராம்பூரில் இயங்கிய பாப்டிஸ்ட் மிஷன் அச்சகம் தீக்கிரையானது. வில்லியம் கேரி அப்போது கல்கத்தாவில் இருந்தார். அங்குள்ள வில்லியம் கோட்டைக் கல்லூரியில் வங்காளம், சமஸ்கிருதம், மராத்தி ஆகிய மொழிகளைக் கற்பித்துவந்தார். மறுநாள் ஜோசுவா மார்ஷ்மன் நேரில் சென்று செய்தியைச் சொன்னார். தெலுங்கு, பஞ்சாபி இலக்கணங்களின் கையெழுத்துப் படிகள் எரிந்திருந்தன. சமஸ்கிருதத்தோடு உறவுடைய இந்திய மொழிச் சொற்களை ஒருங்கே தொகுக்க முனைந்த பன்மொழி அகராதியும் சாம்பலாகியிருந்தது.

இவ்விழப்பைக் கேரி எதிர்கொண்ட விதத்தை விளங்கிக்கொள்ள, இருபது ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும். 1792இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் அவர் ஏசாயா 54:2-3ஐ எடுத்துப் பிரசங்கித்தார். கூடாரத்தை விரிவாக்கு என்னும் ஏவல் அங்கே முதலில் நிற்கிறது; சந்ததி பெருகும் என்னும் வாக்குத்தத்தம் அதன் பின்னரே வருகிறது. வினைகளின் இவ்வரிசையே கேரியின் இறையியல் எனலாம். வாக்குத்தத்தத்தை நம்புதல் என்பது, அது நிறைவேறும் முன்பே அதற்கான வேலையைத் தொடங்கிவிடுதல். 1793இல் வங்காளம் வந்த அவர், கிருஷ்ண பால் ஞானஸ்நானம் பெறுவதைக் காண 1800 டிசம்பர் வரை காத்திருந்தார்.

தீக்குப் பின் ஆற்றிய பிரசங்கத்துக்கு அவர் தேர்ந்தது சங்கீதம் 46:10. இங்கும் ஏவலே, ஆனால் அமர்ந்திருக்கச் சொல்லும் ஏவல். தந்தவருக்கு எடுத்துக்கொள்ளவும் உரிமை உண்டு, மனிதன் பணியவேண்டும் என்பதே அவர் உரையின் சாரம். இழந்ததெல்லாம் திரும்பக் கிடைக்கும் என்று அவர் வாக்களிக்கவில்லை. பிற்கால வரலாற்றாசிரியர் பலர் இதைக் கவனிப்பதில்லை. பிரிட்டனிலிருந்து விரைந்து வந்த நன்கொடையைக் காட்டி, தீயே ஆசீர்வாதமாயிற்று என்று கதையை முடித்துவிடுகிறார்கள்.

கைகள் அமர்ந்திருக்கவில்லை என்பதும் உண்மை. இடிபாடுகளுக்குள் எழுத்து வார்ப்பதற்கான எஃகு அச்சுகள் சிதையாமல் கிடப்பதை வில்லியம் வார்டு கண்டார். பஞ்சானன் கர்மகார், அவர் மருமகன் மனோகர் முதலிய வங்காளக் கைவினைஞரின் பல்லாண்டு உழைப்பு அது. இவர்களின் பெயர்கள் விசுவாச வரலாறுகளில் அரிதாகவே வருகின்றன. உருகிய உலோகத்தைக் கொண்டே எழுத்துகள் மீண்டும் வார்க்கப்பட்டன. பஞ்சாபி இலக்கணம் அதே 1812இலும் தெலுங்கு இலக்கணம் 1814இலும் வெளிவந்தன.

பன்மொழி அகராதியை மட்டும் கேரி மீண்டும் எழுதி முடிக்கவேயில்லை. தீக்குப் பின் இருபத்திரண்டு ஆண்டுகள் செராம்பூரிலேயே உழைத்து, 1834இல் அங்கேயே இறந்தார்.