ஐந்து விநாடி ஓடிய இஞ்சின்

2006 ஜூலை 10, திங்கட்கிழமை. மாலை 5:38-க்கு ஸ்ரீஹரிகோட்டாவில் ஜிஎஸ்எல்வி-எஃப்02 கிளம்பியபோது நான் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் நின்று வடக்கே பார்த்துக்கொண்டிருந்தேன். இஞ்சினியரிங் மாணவன். இங்கிருந்தே ராக்கெட் தெரியும் என்று யாரோ சொன்னதை நம்பிப் போயிருந்தேன். ஒன்றும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து டிவியைப் போட்டால், வெடித்துக் கடலில் விழுந்துவிட்டது என்கிறார்கள்.

மறுநாள் வலை சரிபண்ணிக்கொண்டிருந்த ஒரு பெரியவர், "நம்ம பக்கமா தம்பி விழுந்துச்சு?" என்று கேட்டார். சுனாமி வந்து ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. கடல் சம்பந்தப்பட்ட எந்தச் செய்தியும் அந்த ஊரில் அப்படித்தான் விசாரிக்கப்பட்டது.

போனது இன்சாட்-4சி. 2,168 கிலோ, டிடிஎச் சேவைக்கான 12 கேயூ பேண்ட் டிரான்ஸ்பாண்டர்கள். செயற்கைக்கோளில் ஒரு குறையும் இல்லை. தவறு கீழே, பக்கவாட்டில் கட்டியிருந்த நான்கு திரவ எரிபொருள் பூஸ்டர்களில் ஒன்றில்.

கே. நாராயணா தலைமையிலான குழுவின் அறிக்கையை வேலைக்குப் போன பிறகுதான் நிதானமாகப் படித்தேன். அந்த பூஸ்டரின் விகாஸ் இஞ்சினில் ஒரு ரெகுலேட்டர். இறுக்கி மூடிய குழாய் ஒழுகுமே, அதுபோல அது மூடிய நிலையிலும் அளவுக்கு மீறி எரிபொருளை விட்டிருக்கிறது. 5.85 மெகாபாஸ்கலில் நிற்கவேண்டிய அழுத்தம் 7.11-க்கு ஏறியது. ராக்கெட் எழும்பி 0.2 விநாடியில் இஞ்சின் செத்துவிட்டது. தரையிலேயே 4.8 விநாடி முன்னால் பற்றவைத்ததையும் சேர்த்தால் அதன் ஆயுள் மொத்தம் 5 விநாடி. தயாரிப்பில் நேர்ந்த கைத்தவறு பரிசோதனைகளில் சிக்காமல் தப்பியிருக்கலாம் என்கிறது அறிக்கை. எல்லா டெஸ்ட்டும் பாஸ் ஆன கோடு புரொடக்‌ஷனில் விழுந்த இரவுகளைப் பார்த்தவனுக்கு அந்த வரியைச் சும்மா தாண்டிப்போக முடியாது.

ஆனால் எனக்குப் பெரிதாகப்பட்டது அடுத்த பகுதி. மீதி மூன்று பூஸ்டர்களை வைத்துக்கொண்டே 414 டன் ராக்கெட் சுமார் 50 விநாடி தன்னை நேராகப் பிடித்து வைத்திருந்தது. ஒலியின் வேகத்தை நெருங்கும் கட்டத்தில்தான் சாய்வு கைமீறி, காற்றின் அழுத்தம் தாங்காமல் உடைந்தது. வடிவமைப்பில் பிழையில்லை என்று குழு சொன்னதைச் சப்பைக்கட்டு என்று அன்று கிண்டலடித்தவர்களில் நானும் ஒருவன். அந்த 50 விநாடி எனக்கு அப்போது தெரியாது.

2007 செப்டம்பர் 2-ல் மாற்றாக இன்சாட்-4சிஆர் கிளம்பியது. இந்த முறை ஹாஸ்டல் டிவி. 15 விநாடி இருக்கும்போது கவுன்ட்டவுன் நின்றது. பாதிப் பேர் எழுந்து மெஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். 6:21-க்கு அது ஏறியபோது அறையில் நாங்கள் நாலைந்து பேர்தான். முதல் நிமிடம் தாண்டும்வரை ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.