நாகர்கோவில் தந்த டென்னிஸ் செல்வம்

கழக்கூட்டத்தில் இரயிலேறித் தெற்கே செல்லும் நம்மவர் பலருக்கு நாகர்கோவில் நன்கு பழகிய ஊர். 1937ஆம் ஆண்டில் அவ்வூரும் நம் கழக்கூட்டமும் திருவிதாங்கூர் என்னும் ஒரே அரசின்கீழ் இருந்தன. அவ்வாண்டு ஏப்ரல் 11ஆம் நாள் அங்கே பிறந்தவர்தாம் டென்னிஸ் வீரர் இராமநாதன் கிருஷ்ணன். அவர்தம் வரலாற்றை இம்மலரில் நினைவுகூர்வதில் பெருமகிழ்வு எய்துகின்றோம்.

டென்னிஸ் ஆங்கிலேயர் நம் நாட்டிற்குக் கொணர்ந்த ஆட்டம். 1939ஆம் ஆண்டில் கௌஸ் முகமது விம்பிள்டனில் கால் இறுதி வரை சென்று இந்தியருக்கு வழிகாட்டினார். அவ்வழியில் மேலும் முன்னேறியவர் கிருஷ்ணன். அவருக்கு ஆசான் வீட்டிலேயே வாய்த்தார். தென்காசியைச் சேர்ந்த தந்தையார் டி. கே. இராமநாதன் தாமே தேர்ந்த ஆட்டக்காரர்; மைந்தனுக்குத் தாமே பயிற்சி அளித்தார்.

அப்பயிற்சி 1954ஆம் ஆண்டிலேயே பயன் தந்தது. விம்பிள்டன் இளைஞர் பட்டத்தை வென்ற முதல் ஆசியர் என்னும் சிறப்பு கிருஷ்ணனுக்குக் கிட்டியது. 1960, 1961 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அவர் விம்பிள்டன் அரையிறுதியை எட்டினார். 1961இல் புகழ்பெற்ற ராய் எமர்சனை நேர் செட்களில் வென்றார். அரையிறுதியில் அவரை வீழ்த்திய நீல் பிரேசரும் ராட் லேவரும் அவ்வவ்வாண்டுகளில் பட்டம் வென்றவர்களே. வன்மையான அடியை நம்பாது, மென்மையான கைவண்ணத்தால் வென்றவர் நம் வீரர்.

அந்நாளில் பொருளுக்காக ஆடுவோர்க்கு விம்பிள்டனிலும் டேவிஸ் கோப்பையிலும் இடமில்லை. ஜாக் கிரேமர் தம் தொழில்முறைக் குழுவிற்கு அழைத்தபோது கிருஷ்ணன் இசையவில்லை. அதனால் நாடு பெற்ற பயன் 1966இல் விளங்கிற்று. கல்கத்தாவில் பிரேசிலோடு நடந்த போட்டியில் இரு நாடுகளும் சமநிலையில் நிற்க, வெற்றியை முடிவு செய்யும் இறுதி ஆட்டம் கிருஷ்ணன் கையில் வந்தது. தாமஸ் கோக்கிடம் இரண்டு செட்களை இழந்து, நான்காம் செட்டிலும் 2-5 எனப் பின்தங்கினார். கண்டோர் கைவிட்ட அந்நிலையிலிருந்து மீண்டு வென்று, இந்தியாவை முதன்முறையாக டேவிஸ் கோப்பை இறுதிக்கு இட்டுச் சென்றார். மெல்போர்னில் ஆஸ்திரேலியா 4-1 என வென்றது. எனினும் அந்த ஒரு வெற்றி கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் இரட்டையர் ஆட்டத்தில் ஈட்டியதாகும்.

தந்தை வழங்கிய கலை அவரோடு நின்றுவிடவில்லை. 1979இல் அவர் மைந்தர் ரமேஷ் கிருஷ்ணன் அதே விம்பிள்டன் இளைஞர் பட்டத்தை வென்றார். 1987இல் டேவிஸ் கோப்பை இறுதியிலும் இந்தியாவுக்காக ஆடினார்.

பிறந்த மண்ணை விட்டுப் பிழைப்பின்பொருட்டு இங்குக் குடியேறிய நாம், பிள்ளைகளுக்கு விட்டுச்செல்வது யாது என அடிக்கடி எண்ணுகின்றோம். இராமநாதன் தம் மகனுக்கு அளித்தது நாள்தோறும் உடன்நின்று கற்பித்த உழைப்பு. நம் வீட்டுச் சிறார்க்கு ஆட்டமாயினும் தாய்மொழியாயினும் நாமும் அவ்வாறே உடன்நின்று கற்பிப்போமாக. அதற்கு மாலையில் ஒரு நாழிகை ஒதுக்கினாலும் போதும்.