கூந்தல் சொன்ன செய்தி



நான் ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில், பத்தாம் வகுப்பில் ஒரு மாணவி பயின்றாள். வினா எழுப்பியவுடன் விடை கூறும் அச்சிறுமி, ஓராண்டுக்குள் வகுப்பிலேயே கண்ணயரத் தொடங்கினாள். அடர்ந்திருந்த அவளது பின்னல் எலிவால் போல் மெலிந்தது. வீட்டார் எண்ணெயை மாற்றினர். திருவண்ணாமலைக் கோயிலில் முடி காணிக்கை செலுத்துவதாக நேர்ந்துகொண்டனர். நானோ, "படிக்க மனமில்லாத சோம்பல்" என்று வகுப்பறையிலேயே கடிந்துகொண்டேன். பின்னர் ஒரு மருத்துவர் அவளது கழுத்தைத் தடவிப் பார்த்து, இரத்தத்தைச் சோதிக்கச் செய்தார். குறை கூந்தலிலும் இல்லை, குணத்திலும் இல்லை. கழுத்தில் உள்ள தைராய்டுச் சுரப்பியில் இருந்தது. நான் கூறிய அச்சொல் இன்றும் என்னை உறுத்துகிறது.

கழுத்துக்கும் கூந்தலுக்கும் உள்ள தொடர்பை உலகம் அறிந்த வரலாறும் ஒரு பிழையிலிருந்தே தொடங்குகிறது. சுவிட்சர்லாந்தில் பெர்ன் நகரத்து அறுவை மருத்துவர் கோக்கர், கழுத்துக் கழலையால் வருந்தியோருக்குத் தைராய்டுச் சுரப்பியை முழுமையாக அகற்றி வந்தார். பின்னாளில் அவர்களை மீண்டும் அழைத்துப் பார்த்தபோது, பலர் முகம் வீங்கி, அறிவு மந்தமாகி, முடி மெலிந்து காணப்பட்டனர். 1883இல் அவர் இவ்வுண்மையை மறைக்காது உலகுக்கு அறிவித்தார். அவருக்கு 1909இல் நோபெல் பரிசு கிடைத்தது. இலண்டன் மருத்துவர் குழு ஒன்று 109 நோயாளரின் விவரங்களை ஆராய்ந்து, இத்தகைய நோய்க்குச் சுரப்பியின் செயலிழப்பே காரணம் என்று 1888இல் முடிவு கூறியது.

காரணம் தெரிந்தபின் மருந்து வரக் காலம் ஆகவில்லை. 1891இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்து இளம் மருத்துவர் மர்ரே, ஆட்டின் தைராய்டிலிருந்து எடுத்த சாற்றை 46 வயதுப் பெண்மணி ஒருவருக்கு ஊசி வழியே செலுத்தினார். அவர் நலம் பெற்று மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். அச்சுரப்பியின் நீரான தைராக்சினை அமெரிக்காவின் கெண்டல் 1914இல் பிரித்தெடுத்தார். இன்று அது சிறு மாத்திரையாகக் கிடைக்கிறது.

அந்நீரைச் சுரக்க அயோடின் தேவை. மழையும் பனியும் மண்ணிலுள்ள அயோடினை அடித்துச் செல்லும் இமயமலைச் சாரலில் கழலை நோய் மிகுந்திருந்தது. ஆந்திரத்துச் சிறீகாகுளத்தில் பிறந்த மருத்துவ அறிஞர் இராமலிங்கசுவாமியும் அவர்தம் குழுவினரும் 1956இல் காங்கிரா பள்ளத்தாக்கை மூன்று பகுதிகளாகப் பிரித்தனர். இரு பகுதிகளுக்கு அயோடின் கலந்த உப்பும், ஒன்றுக்குச் சாதாரண உப்பும் வழங்கினர். 1962இல் பார்த்தபோது, முதலில் நூற்றுக்கு ஏறத்தாழ 38 பேரிடம் இருந்த கழலை, அயோடின் உப்பு உண்ட பகுதிகளில் பாதியாகவும் அதற்குக் கீழாகவும் குறைந்திருந்தது, மற்றதில் குறையவில்லை. பின்னர் அப்பகுதிக்கும் அயோடின் உப்பு வழங்கப்பட்டது. அதே 1962இல் கழலை ஒழிப்புக்கான தேசியத் திட்டமும் தொடங்கியது.

இனிக் கூந்தலுக்கு வருவோம். தலையில் ஏறத்தாழ ஓர் இலட்சம் முடிகள் உள்ளன. ஒவ்வொன்றும் சில ஆண்டுகள் வளர்ந்து, சில மாதங்கள் ஓய்ந்து, பின் உதிர்கிறது. நாள்தோறும் 50 முதல் 100 வரை உதிர்வது இயல்பே. தைராய்டு நீர் குறைந்தால் மிகப் பல முடிகள் ஒருசேர ஓய்வுநிலைக்குச் செல்கின்றன. சில மாதங்கள் கழித்துத் தலை முழுவதிலும் உதிர்கின்றன. எஞ்சியவை வறண்டு முரடாகும். சிலருக்குப் புருவத்தின் வெளி ஓரமும் மெலியும். நீர் மிகுந்தாலும் முடி உதிரும். உரிய சிகிச்சை பெற்றால் பெரும்பாலும் முடி மீண்டும் வளரும். அதற்குப் பல மாதப் பொறுமை வேண்டும்.

எனினும், உதிர்வெல்லாம் தைராய்டால் அன்று. இரத்தசோகை, கடுங்காய்ச்சல், மகப்பேறு ஆகியவையும் காரணமாகலாம். உடலின் எதிர்ப்பாற்றலே தைராய்டைத் தாக்கும் நோயும் உண்டு. சப்பானிய மருத்துவர் ஆசிமோட்டோ அதனை 1912இல் விளக்கினார். அந்நோய் உப்பால் தீராது. ஆகவே இரத்தச் சோதனையே வழிகாட்டி.

நம் மாநிலத்துக்கு இதில் ஒரு பாடம் உண்டு. தூத்துக்குடியும் வேதாரணியமும் மரக்காணமும் உப்பு விளையும் ஊர்கள். ஆயினும் 2018-19 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், போதிய அயோடின் கொண்ட உப்பு தமிழகத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 62 வீடுகளிலேயே இருந்தது. கடல் உப்பில் இயல்பாகவே வேண்டிய அயோடின் இருக்கும் என்பது தவறான எண்ணம். அதனைச் சேர்த்தே ஆக வேண்டும். அயோடின் உப்பை வாங்கி, ஈரம் படாது மூடிவைத்துப் பயன்படுத்துதல் நன்று.

அம்மாணவி மருந்துண்டு தேறினாள். பின்னலும் மெல்லத் தழைத்தது. உங்கள் தோழரோ தங்கையோ சோர்ந்து, முடி உதிர்ந்து, மந்தமாகத் தோன்றினால், என்னைப் போல் முதலில் கடிந்துகொள்ளாதீர்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.